ஒன்பது கண் அளவு

நான் முப்பத்திநாலு வருஷம் மாட்டு மூத்திரத்தில் சம்பாதித்துச் சாப்பிட்டவன். வெளியில் யாராவது கேட்டால் என் மனைவி 'கவர்மெண்ட்ல இருக்கார்' என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

எங்கள் ஆபீஸின் வேலை இதுதான். ஆடுமாடு தின்னக்கூடாத செடியைத் தின்று விழுந்துவிட்டால், அதன் ரத்தம், பால், மூத்திரம், இரைப்பைச் சாறு இவற்றில் எந்தச் செடியின் நஞ்சு, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். அளப்பது மேடம். பிடித்துக்கொண்டு வருவது நான். அதனால் எனக்குச் 'சொட்டு' என்று பெயர் வைத்து, அப்பா அம்மா வைத்ததை எல்லோரும் மறந்துபோனார்கள்.

பிடிப்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. செம்மறியாட்டின் மூக்கைப் பொத்தினால் அரை நிமிஷத்தில் போய்விடும். பசுவுக்கு வாலுக்குக் கீழே மெதுவாகத் தடவிக் கொடுக்க வேண்டும். எருமைக்கு மனசு வர வேண்டும். ஓர் எருமைக்கு மனசு வருவதற்காக நான் குவளையோடு காத்து நின்றதில் பக்கத்து வேலிக்கம்பு துளிர்விட்டு, பூத்து, காய்த்தது. நான் சாப்பிட்டும் பார்த்தேன், சுமார்தான். காளைக்கு அடிவயிற்றைத் தடவ வேண்டும். அதற்கு நமக்கு ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும்.

அன்று காலை ஒன்பது மணிக்கு நான் அந்தப் பால்பண்ணைக்குள் நுழைந்தபோது ஒரு மாட்டையும் கட்டியிருந்தார்கள், ஒரு மனுஷனையும் கட்டியிருந்தார்கள். மாட்டுக்கு நாலு கயிறு, மனுஷனுக்கு ஒன்று. அடி மட்டும் மனுஷனுக்கு.

மாடு என்றால் பொலிகாளை. ஒரு டன் எடை. வேலை எதுவும் செய்யாமல், வேண்டிய இடத்தில் கையெழுத்து மட்டும் போடுவதால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர். ஏழு மணிக்கு அதற்கு வெறி பிடித்திருக்கிறது. கொட்டகைத் தூண் இரண்டை முறித்தது. ஒரு கன்றைக் கொம்பில் வாரி எறிந்தது. அது போய்க் கூரைமேல் விழுந்தது. ஏணி வைத்து இறக்கியபோது அதில் உயிர் இல்லை. அடுத்து பண்ணைக்காரரைச் சுவரோடு வைத்துத் தேய்த்து, தொடையைக் கிழித்து, மூன்று விலா எலும்பை உடைத்து, அவர் மேலேயே நின்றது. கடைசியாக மாட்டு டாக்டர் வந்து ஊசியைப் போட்டார். போட்ட கையோடு உதை வாங்கித் தாடை பெயர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அதை என்னிடம் கொடுத்தார்கள். நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மனுஷன் என்றால் மச்சான். பண்ணைக்காரரின் மனைவியுடைய கூடப்பிறந்த தம்பி. பண்ணையில் பால் கறப்பதும் தீனி வைப்பதும் அவன்தான். எல்லோருக்குமே அவன் 'மச்சான்'. தண்ணீர்த்தொட்டித் தூணில் அவனைக் கட்டியிருந்தார்கள். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய்க்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அடிப்பவர்கள் பண்ணைக்காரரின் தம்பிகள் இரண்டு பேர். பெரியவன் லாரி, உருவம் அப்படி. சின்னவன் எப்போதும் அவன் பின்னாலேயே போவதால் லோடு.

ஒரு வாரம் முன்னால் பண்ணைக்காரர் பால் வாங்க வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் மச்சானைச் செருப்பால் அடித்திருக்கிறார். பால் பாத்திரத்தில் ஓர் ஈ கிடந்ததாம். அதற்கு மச்சான், "ஒரு நாளைக்கு உங்க மாடே உங்களைக் குத்தும்" என்று சொல்லிவிட்டான். இப்போது குத்திவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் ஊமத்தை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. தீனி வைப்பவன் அவன். வேறென்ன வேண்டும்?

பண்ணைக்காரர் கட்டிலில் கிடந்தார். தொடையைப் போர்வையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டே பேசினார்.

"சொட்டு, மாட்டோட கண்ணைப் பாரு. கருப்பா, கிணறு மாதிரி தெறந்து கெடக்கு. ஊமத்தை வச்சிட்டான். நீ அளந்து சொல்லு. இருக்குன்னா இவன் கதை முடிஞ்சுது. அதைப் பாத்துட்டுத்தான் நான் ஆஸ்பத்திரி வண்டி ஏறுவேன்."

"அண்ணே, அளந்து வேற பாக்கணுமா?" என்று லாரி கையைத் துடைத்துக்கொண்டான். "எனக்குக் கையே அளவு சொல்லுதே."

"இன்னொரு அடி விழுந்துச்சு, இதை உன் தொப்புள்ல விட்டு அந்தப் பக்கமா எடுத்துடுவேன்" என்றது ஒரு குரல். பண்ணைக்காரரின் மனைவி. தம்பிக்கும் கொழுந்தன்களுக்கும் நடுவில் வைக்கோல் அள்ளுகிற இரட்டை முனைக் கவைக்கம்பியோடு நின்றாள். லாரியின் முழங்கையில் ஏற்கெனவே இரண்டு ஓட்டை இருந்தது.

"அண்ணி, தள்ளிக்குங்க. உங்க புருஷனைக் கொல்லப் பாத்தவன் இவன்."

"என் புருஷன் கட்டில்ல கெடந்து கத்திக்கிட்டிருக்காரு, நல்லாத்தான் இருக்காரு. என் தம்பிதான் சாகப் போறான்."

மச்சான் என்னைப் பார்த்தான். "சார், நான் எதுவும் பண்ணல. நீங்க அளந்து பாருங்க சார். அளந்தா தெரிஞ்சிடுமில்ல?"

"தெரிஞ்சிடும்" என்றேன்.

மேனேஜரின் அடிவயிற்றுக்குக் கீழே குவளையோடு போனேன். அது முதல் உதையில் என்னைச் சாணிக் குழியில் போட்டது. இரண்டாவது உதையில் சாணிக் குழியிலிருந்து வெளியே எடுத்துப் போட்டது. காளையின் வாய் காய்ந்து, நாக்கு மரப்பட்டை மாதிரி இருந்தது. மூத்திரமும் அன்று சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. என் அனுபவத்துக்கு அது ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். என் விலா வலித்ததால் விலாவைப் பற்றி யோசித்தேன். பாதிக் குவளை சேர்ந்ததும் சீசாவில் ஊற்றி மூடி, பதினைந்து நிமிஷத்தில் ஆபீசுக்கு வந்துவிட்டேன்.

மேடம் நஞ்சு அளக்கும் மெஷினைப் பார்த்தார். மெஷின் சூடாகி, முந்தின வேலையைக் கக்கி, இதை எடுத்துக்கொள்ள நாளைக் காலையாகும். நாளைக் காலைவரை மச்சான் தாங்க மாட்டான் என்று சொன்னேன்.

"அப்போ கண்ணுதான் சொட்டண்ணே" என்றார் மேடம்.

ஊமத்தை நஞ்சுக்கு ஒரு பழைய வழி உண்டு. அது மூத்திரத்தில் இருந்தால், ஒரு சொட்டைக் கண்ணில் விட்ட அரை மணியில் கண்மணி அகல விரிந்துவிடும். எவ்வளவு என்று அளக்க, மூத்திரத்தைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அதை மறுபடி பாதிக்குப் பாதி கலந்து, ஒவ்வொரு கண்ணில் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போக வேண்டும். எந்தக் கண்வரை விரிகிறதோ அதுதான் அளவு. இதைப் பூனைக் கண்ணில் செய்வது வழக்கம். எங்கள் பூனை பிரசவ விடுப்பில் இருந்தது.

ஆபீசில் ஐந்து பேர். காவலாளிக்கு ஒரு கண் பழுது. ஆக மொத்தம் ஒன்பது கண். மேடம் முறையாக வரிசை போட்டார். கலக்காத சொட்டும் பாதியும் அவர் கண்களுக்கே. அடுத்த இரண்டு ஜீப் டிரைவருக்கு. அடுத்த இரண்டு கிளார்க்குக்கு. ஏழாவது, காவலாளியின் ஒற்றைக் கண்ணுக்கு. எட்டும் ஒன்பதும், அதாவது கிட்டத்தட்டத் தண்ணீர், எனக்கு. கிளார்க் மட்டும், "மாட்டு மூத்திரம் கண்ணுல விடணும்னு என் வேலை உத்தரவுல எங்கயும் இல்ல" என்று முனகினார். மேடம், "'மேலதிகாரி இடும் பிற பணிகள்'னு கடைசி வரியில இருக்கு பாருங்க" என்று சொல்லி அவர் இமையைப் பிரித்தார்.

அரை மணி கழித்துக் கண்ணாடியோடு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆறு கண்ணும் ஆந்தைக் கண். ஏழாவதும் விரிந்திருந்தது, காவலாளி எழுந்து வெளியே போக முயன்று அலமாரிக்குள் போனார். எட்டும் ஒன்பதும் விரியவில்லை. ஏழு கண். எங்கள் ஆபீஸ் சரித்திரத்தில் மூன்றுக்கு மேல் போனதில்லை.

மேடம் தடவித் தடவிப் போனை எடுத்தார். மறுமுனையில் பண்ணைக்காரர்.

"ஊமத்தை நஞ்சுதாங்க. இருக்கு."

"நெறையவா?"

"நெறைய. ஏழு கண்ணு."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. படிவம் எழுத உட்கார்ந்தேன். ஆபீசில் கிட்டத்து எழுத்தைப் படிக்க முடிந்த ஒரே ஆள் அப்போது நான்தான். 'சிகிச்சை ஏதும் நடந்ததா' என்று ஒரு கட்டம் வந்தது. அப்போதுதான் சட்டைப்பையில் இருந்த சீட்டு நினைவு வந்தது. மற்ற நாளில் மேடம் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். அன்று அடிதடிச் சேதியைக் கேட்ட அவசரத்தில் அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

டாக்டர் எழுதியிருந்தார்: 'காலை எட்டு மணி. வாயில் நுரை ஒழுகுகிறது. உடம்பெல்லாம் நடுக்கம். கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருக்கிறது. பூச்சிமருந்து நக்கியிருக்கலாம். அட்ரோபின் பெரிய அளவில் போட்டேன். உதைத்துவி' என்பதோடு நின்றிருந்தது.

நான் உரக்கப் படித்ததும் மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி இரண்டடி தள்ளி இருந்தது. தரையிலேயே இருந்துகொண்டு, "அய்யோ சொட்டண்ணே" என்றார்.

அட்ரோபின் என்பது ஊமத்தைக்குள் இருக்கிற அதே சரக்குதான். வேலியில் நின்றால் நஞ்சு, சீசாவில் அடைத்தால் பூச்சிமருந்து நஞ்சுக்கு முறிவு. எட்டு மணிக்கு டாக்டர் ஊசியில் போட்டதை, ஒன்பது மணிக்கு நான் குவளையில் பிடித்து வந்து, ஒன்பது கண்ணில் அளந்து, ஒருவனைக் கொல்லச் சொல்லிப் போன் போட்டிருக்கிறோம். நாற்பது வருஷப் படிப்பும் அனுபவமும் ஓர் அறையில் கூடினால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே எல்லோருக்கும் கையில் வேலை இருந்தது.

டிரைவர் வண்டியைக் கண்டுபிடிக்கவே இரண்டு தடவை காவலாளியின் சைக்கிள்மேல் ஏறி உட்கார்ந்தான். நானே ஓட்டினேன். அதற்கு முன்னால் நான் ஓட்டிய பெரிய வாகனம் தையல் மெஷின். மீதிச் சீசாவை மடியில் இடுக்கிக்கொண்டு, கியர் மாற்றாமல், எதிரில் வந்தவர்களிடம் சத்தமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன்.

பண்ணைக்குள் வண்டி நுழைந்தபோது மச்சானைத் தூணிலிருந்து அவிழ்த்துத் தரையில் போட்டிருந்தார்கள். வலது கை விரல் மூன்றை இரும்புக் கேட் இடுக்கில் வைத்து லோடு கேட்டை மூடியிருந்தான். விரல்கள் மூன்றும் மூன்று திசையைக் காட்டின. அவன் அக்காள் நெற்றி பிளந்து தொட்டி ஓரத்தில் கிடந்தாள். அவளுடைய கவைக்கம்பி லோடின் பின்தொடையில் குத்தியபடி நின்றது. அதைப் பிடுங்கத் தைரியமில்லாமல் அவன் அதோடேயே நடமாடினான். லாரி கடப்பாரையை இரண்டு கையாலும் தலைக்குமேலே தூக்கியிருந்தான்.

பிரேக் எது என்று எனக்குத் தெரிந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். மச்சானும் செத்திருப்பான். தெரியாததால் ஜீப் நேராகப் போய் லாரியை இடுப்பில் தூக்கி வைக்கோல் போரில் செருகிவிட்டு, போரின்மேல் பாதி ஏறி நின்றது.

"அவன் செய்யல!" என்று கத்தினேன். "ஊசி மருந்து! நாங்க அளந்தது டாக்டர் போட்ட ஊசி!"

லாரி வைக்கோலைத் துப்பிக்கொண்டு வந்தான். கடப்பாரையை விடவில்லை. "அப்ப இருக்குன்னீங்க. இப்ப இல்லங்கிறீங்க. இது வாயா, இல்ல மேனேஜரோட பின்பக்கமா?"

"ஊசிக்கு முன்னால மாடு விட்ட மூத்திரம் கெடைச்சா காட்டிடுவேன். எங்கயாவது போச்சா? தரையில, தொட்டியில, எங்கயாவது?"

தொட்டி ஓரத்திலிருந்து அக்காள் தலையைத் தூக்கினாள். "என் புருஷன் மேல போச்சு" என்றாள்.

மேனேஜர் அவரைத் தேய்த்து முடித்து மேலே நின்றபோது மூச்சு விடாமல் இரண்டு நிமிஷம் பெய்திருக்கிறது. சட்டையை வெட்டி எடுத்துக் கொட்டகை மூலையில் எறிந்திருந்தார்கள். எடுத்துப் பிழிந்தேன். முப்பத்திநாலு வருஷத்தில் அவ்வளவு சுலபமாக எந்தக் காளையும் எனக்குக் கொடுத்ததில்லை.

"யார் கண்ணு?" என்று கேட்டேன்.

"என் கண்ணு" என்றான் லாரி. "உங்க கண்ணை எவன் நம்புவான்? ஆனா ஒண்ணு. ஏமாத்தினீங்கன்னா அவனுக்கு முன்னால உங்க மண்டைதான்."

வலது கண்ணில் சட்டை. இடது கண்ணில் சீசா. அரை மணி. லாரி கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தான். அக்காள் தவழ்ந்து வந்து தம்பியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் நெற்றி ரத்தம் அவன் கன்னத்தில் சொட்ட, அவள் அதைத் துடைத்துவிட, மறுபடி சொட்டியது.

"வலிக்குதாடா?"

"விரல் தெரியலக்கா. மூக்குதான்."

மேனேஜர் கட்டின இடத்திலிருந்து ஒரு கயிற்றை அறுத்துக்கொண்டது. மூன்று மிச்சம். பண்ணைக்காரர் வாளியில் மறுபடி வாந்தி எடுத்தார்.

அரை மணி ஆனதும் ஜீப்பின் உடைந்த பக்கக் கண்ணாடியை எடுத்து லாரியின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். வலது கண் எப்போதும்போல இருந்தது. இடது கண்ணில் வெள்ளைக்கே இடமில்லை.

வெகுநேரம் பார்த்தான். "இந்தப் பக்கம் காலையில விட்டது."

"ஆமா."

"இந்தப் பக்கம் ஊசிக்கு அப்புறம்."

"ஆமா."

"அப்ப காலையில ஊமத்தை இல்ல."

"இல்ல."

கடப்பாரை அவன் கையிலிருந்து நழுவி அவன் கால்மேலேயே விழுந்தது. அதற்கு அவன் கத்தவில்லை. "அப்ப மாட்டுக்கு எதனால வெறி புடிச்சுது?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்விக்கு என் கையிலேயே பதில் இருந்தது. சட்டையைப் பிழிந்ததிலிருந்து எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. மூத்திரம் என்றைக்கும் எனக்குத் தலை சுற்றலைக் கொடுத்ததில்லை. உள்ளங்கையை முகர்ந்தேன். மூத்திர நெடிக்கு அடியில் இன்னொன்று இருந்தது. சட்டையை அக்காளிடம் நீட்டினேன்.

"புகையிலை" என்றாள் அவள். சொல்லிவிட்டு மெல்லத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். "ஏங்க."

பண்ணைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி வாளியில ஊறப் போட்டீங்களே. உண்ணிக்குன்னு. காலையில நீங்களே கொண்டுபோய் அது மேல ஊத்தித் தேய்ச்சீங்களே. எப்பவும் கைப்பிடிதானே போடுவீங்க? எவ்வளவு போட்டீங்க?"

"உண்ணி ஜாஸ்தியா இருந்துச்சு."

"எவ்வளவு?"

"ஒரு கட்டு" என்றார் பண்ணைக்காரர். "ஒண்ணரை."

ஒன்றரைக் கட்டுப் புகையிலையின் நஞ்சு தோல் வழியாக உள்ளே இறங்கினால் மாட்டுக்கு வாய் நுரை தள்ளும், உடம்பு நடுங்கும், கண் சுருங்கும், வெறி பிடிக்கும். வெறுங்கையால் அதைக் கலக்கித் தேய்த்த மனுஷனுக்கு வாந்தி வரும். விலா உடைந்ததால்தான் வாந்தி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

லாரிக்குக் கை சூடாக இருந்தது. யாரையாவது அடித்தே ஆக வேண்டும். லோடின் கன்னத்தைக் குறி வைத்து ஓங்கினான். ஒரு கண் மங்கியிருந்ததால் தொட்டிச் சுவரில் அறைந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

அக்காள் தம்பியைத் தூக்கி நிறுத்தினாள். அவன் எல்லோரையும் தாண்டிக் கட்டிலை நோக்கி நடந்தான். யாரும் தடுக்கவில்லை. பண்ணைக்காரர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார், விலா விடவில்லை. மச்சான் வலது கையை ஓங்கினான். ஓங்கிவிட்டு அதைப் பார்த்தான். மடக்க அதில் விரல் வரவில்லை. இடது கையையும் பார்த்தான். தூணில் கட்டிய கயிறு அதை நீலமாக்கி வைத்திருந்தது. அவ்வளவு அடிக்கும் அழாதவன் அப்போதுதான் அழுதான்.

அக்காள் முந்தானையால் நெற்றியை ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள். தன் வலது கையை மடக்கினாள்.

"எங்கடா அடிக்கணும்? சொல்லு."

"ஏய், நான் உன் புருஷன்டி" என்றார் பண்ணைக்காரர்.

"அதுக்கு அப்புறமா வரேன். நீ சொல்லுடா."

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தான். தொடை கிழிந்திருந்தது. விலா உடைந்திருந்தது. முழுசாக மிச்சம் இருந்ததைக் கணக்கெடுப்பவன்போல நிதானமாகப் பார்த்தான்.

"மூக்கு" என்றான்.

பால்பண்ணையில் இருபது வருஷம் வாளி தூக்கிய கை. ஒரே அடி. ஈரமான விறகு முறிகிற சத்தம் வந்தது. அதன்பிறகு அவள் தம்பியை ஜீப்பில் ஏற்றி, ஓட்ட ஏறிய என்னை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுக்குப் பிரேக் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் அந்தப் பண்ணைக்குத் திரும்பி வரவில்லை. விரலில் இரண்டு கூடியது, ஒன்று கூடவில்லை. அந்த ஒன்றை எங்கள் ஒன்பது கண்தான் ஒடித்தது; இதை நான் யார் மேலும் போட முடியாது.

பண்ணைக்காரரின் மூக்கிலிருந்து ரத்தம் தாராளமாக வந்துகொண்டிருந்தது. வீணாக்குவது எனக்குப் பழக்கமில்லை. ஒரு குழாயில் பிடித்துக்கொண்டேன். மறுநாள் மெஷின் சூடானதும் மேடம் அதையும் சட்டை மூத்திரத்தையும் வைத்து அளந்தார். இரண்டிலும் புகையிலை நஞ்சு இருந்தது. மேனேஜர் பிழைத்துக்கொண்டது.

படிவத்தில் 'இனம்' என்று ஒரு வரிசை. மாடு, எருமை, ஆடு, பன்றி என்று நாலே கட்டம். மேனேஜருக்கு மாடு என்று குறித்தேன். பண்ணைக்காரரின் ரத்தத்துக்கும் ஒரு தனித் தாள் போட்டாக வேண்டும். கொஞ்சம் யோசித்து, அதிலும் மாடு என்றே குறித்தேன். மூன்று மேலதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் திருத்தவில்லை.